வெட்டாத இரண்டு நிமிடம்

1895 மார்ச் 19. பிரான்சின் லியோன் நகரத்து மோன்ப்ளெசீர் பகுதியில், தங்கள் குடும்பத் தொழிற்சாலையின் வாசலுக்கு எதிரே லூயி லூமியேர் கேமராவை நிறுத்தினார். புகைப்படத் தகடு செய்யும் ஆலை அது. கதவு திறக்கிறது. நீளப் பாவாடையும் தொப்பியுமாகப் பெண்கள், அவர்களோடு ஆண்கள், ஒரு சைக்கிள், ஒரு நாய். இடமும் வலமுமாகப் பிரிந்து சட்டகத்தை விட்டுப் போகிறார்கள். ஐம்பது வினாடிகூட ஆகவில்லை, படம் முடிந்துவிடுகிறது. சினிமாவின் வரலாற்றை எழுதுபவர்கள் பெரும்பாலும் இங்கிருந்துதான் தொடங்குகிறார்கள்.

அந்தப் படத்தில் வருகிறவர்களுக்குச் சம்பளம் கொடுத்தவரேதான் படத்தையும் எடுத்தார் என்பதை அந்த வரலாறுகள் போகிறபோக்கில் சொல்லிவிட்டு நகர்ந்துவிடும். முதலாளி தன் ஆட்களைத் தன் வாசலில் வைத்துப் படம் பிடித்தார். அதுவும் ஒருமுறையல்ல; மூன்று வடிவங்கள் இருக்கின்றன. குதிரையை வைத்து அவற்றுக்கு அடையாளம் சொல்வார்கள்: ஒன்றில் ஒற்றைக் குதிரை வண்டி, ஒன்றில் இரட்டைக் குதிரை வண்டி, ஒன்றில் குதிரையே கிடையாது. வேலை முடிந்து வீட்டுக்குப் போவதையே அந்த மனிதர்கள் மறுபடி மறுபடி ஒரு வேலையாகச் செய்திருக்கிறார்கள். சுருள் தீருவதற்குள் எல்லாரும் வெளியே வந்தாக வேண்டும் என்ற அவசரம் நடையில் இருக்கிறது. உள்ளே கண்ணாடித் தகட்டில் ரசாயனம் பூசிய கைகள் எப்படி அசைந்தன என்பதற்கு அந்தப் படத்தில் இடமில்லை.

இந்த ஆலை வாசலை விடாமல் சுற்றிவந்தவர் ஹாருன் ஃபரோக்கி. 1944இல் பிறந்த ஜெர்மானியத் திரைப்படக் கலைஞர். அப்பா இந்தியாவிலிருந்து ஜெர்மனிக்குப் போன மருத்துவர். சிறுவயதில் சில ஆண்டுகள் இந்தியாவிலும் இந்தோனேசியாவிலும் கழிந்தன. இதை வைத்து அவரை நம்மவர் ஆக்கிக்கொள்ளும் ஆசை எனக்கில்லை. ஆனால் ஒரே வேலை வெவ்வேறு தேசத்தில் வெவ்வேறு வேகத்தில் நடக்கும் என்பதைப் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொண்டவர் அல்ல அவர் என்பதற்காகச் சொல்கிறேன். வியட்நாம் போரின்போது நேபாம் தயாரித்த டௌ கெமிக்கல் நிறுவனத்தைப் பற்றி 1969இல் அவர் எடுத்த குறும்படத்தின் முடிவில் ஒரு கசப்பான நகைச்சுவை வரும். தூசி உறிஞ்சும் கருவி செய்யும் ஆலையில் வேலைபார்க்கும் தொழிலாளி, மனைவிக்கு ஒன்று வேண்டுமென்று தினம் ஒரு உதிரிப் பாகமாக வீட்டுக்குக் கடத்துகிறார். எப்படிப் பூட்டினாலும் அது இயந்திரத் துப்பாக்கியாகவே வந்து நிற்கிறது. அதே ஆலையில் வேலைக்குச் சேர்ந்த மாணவருக்கோ அங்கே துப்பாக்கிதான் செய்கிறார்கள் என்று சந்தேகம். ஆதாரத்துக்காக அவரும் பாகங்களைக் கடத்துகிறார்; அவர் பூட்டினால் தூசி உறிஞ்சும் கருவியாக வருகிறது. தான் என்ன செய்கிறோம் என்பது செய்பவனுக்கே தெரியாமல் போன வேலையைப் பற்றி இவ்வளவு சுருக்கமாகச் சொன்ன வேறொரு காட்சி எனக்குத் தெரியவில்லை.

சினிமாவுக்கு நூறு வயதான 1995இல், வெவ்வேறு படங்களில் தொழிலாளர்கள் ஆலையை விட்டு வெளியேறும் காட்சிகளைத் தேடித் தொகுத்து ஃபரோக்கி ஒரு படம் செய்தார். கதவுக்கு வெளியேதான் எல்லாம் நடக்கிறது: காதல், கொலை, கைது, வேலைநிறுத்தம். வேலை முடிந்த பிறகுதான் கதை தொடங்குகிறது. நம் படங்களை நினைத்துப் பாருங்கள். சங்கு ஊதும், சாப்பாட்டுத் தூக்கோடு கதாநாயகன் வெளியே வருவான், வாசலில் வில்லனின் ஆட்கள் நிற்பார்கள். அவன் உள்ளே எட்டு மணிநேரம் என்ன செய்தான் என்று இயக்குநருக்கும் தெரியாது, நமக்கும் அக்கறையில்லை.

2011இல் ஃபரோக்கியும் அவருடைய துணைவியான ஆன்ட்யே ஏமானும் ஒரு கூட்டுப் பணியைத் தொடங்கினார்கள். ஊர் ஊராகப் போவது, அங்குள்ள இளம் திரைக்கலைஞர்களைக் கூட்டிப் பட்டறை நடத்துவது, அவர்களுடைய ஊரில் நடக்கும் வேலைகளை அவர்களையே படம் எடுக்கச் சொல்வது. நமக்கு மாக்ஸ் முல்லர் பவன் என்று பழகிய கோதே இன்ஸ்டிட்யூட் இதற்குத் துணைநின்றது. மூன்று ஆண்டுகளில் பதினைந்து நகரங்கள்: பெங்களூரு, பெர்லின், பாஸ்டன், புவெனஸ் ஐரிஸ், கெய்ரோ, ஜெனிவா, ஹாங்சோ, ஹனோய், ஜோகன்னஸ்பர்க், லிஸ்பன், வூட்ஜ், மெக்சிகோ நகரம், மாஸ்கோ, ரியோ டி ஜெனிரோ, டெல் அவிவ். விதி மிக எளிது. கூலி வேலையோ கூலியில்லா வேலையோ, ஏதாவது ஒரு வேலை. ஒன்றிலிருந்து இரண்டு நிமிடம். ஒரே ஷாட். கேமரா நிற்கலாம், திரும்பலாம், கூடவே நகரலாம். வெட்டு மட்டும் கூடாது.

கேட்பதற்குப் பள்ளிக்கூட வீட்டுப்பாடம் போலத் தோன்றும் இந்த விதியில்தான் விஷயமே இருக்கிறது. படத்தொகுப்பு என்பது முதலில் நேரத்தைத் திருடும் கலை. செங்கல் சுமப்பவரின் பத்து மணிநேரத்தை மூன்று ஷாட்டில் முடித்துவிடலாம்: குனிகிறார், நடக்கிறார், வியர்வையைத் துடைக்கிறார். பார்ப்பவருக்கு உழைப்பு புரிந்துவிட்டது என்ற நிம்மதி வந்துவிடும். வெட்டக் கூடாது என்றால் அந்த நிம்மதி கிடைக்காது. கை எவ்வளவு நேரம் எடுக்கிறதோ அவ்வளவு நேரம் நாமும் நிற்க வேண்டும். சுவாரசியமில்லாத இருபது வினாடி வந்தால் அதையும் பார்த்துத்தான் ஆக வேண்டும், செய்பவர் அதைச் செய்தே தீரவேண்டியிருப்பதுபோல.

இன்னொரு சிக்கலும் உண்டு. எங்கே தொடங்குவது, எங்கே முடிப்பது? இஸ்திரி வண்டிக்காரரை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு சட்டையைப் பிரித்துத் தண்ணீர் தெளித்துத் தேய்த்து மடித்து அடுக்குவதற்கு ஏறக்குறைய இரண்டு நிமிடம். அந்த வேலை விதிக்கென்றே அளவெடுத்ததுபோல உட்கார்ந்துவிடும். பரோட்டா மாஸ்டருக்கும் பிரச்சினையில்லை. பூ கட்டும் அம்மாவுக்குத் தொடக்கமும் முடிவும் இல்லை, ஆனால் ஒரு முழம் இருக்கிறது. வட்டாட்சியர் அலுவலகத்தில் கோப்பைப் பார்த்துக்கொண்டிருக்கும் எழுத்தரை என்ன செய்வது? இரவுக் காவலாளியை? அவருடைய வேலையே எதுவும் நடக்காமல் பார்த்துக்கொள்வது. இரண்டு நிமிடம் அவரைக் காட்டினால் நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் ஒருவர் தெரிவார். விதி எல்லா வேலைக்கும் பொதுவானது. ஆனால் கண்ணுக்கு நிறைவாகும் வேலைகளுக்கு அது கொஞ்சம் சாய்ந்தே நிற்கிறது. கை இருக்கும் வேலை, பொருள் இருக்கும் வேலை, பக்கத்தில் போய் நிற்கக்கூடிய வேலை.

பக்கத்தில் போய் நிற்பதற்கு அனுமதி வேண்டும். பெரிய ஆலைகள் வெளியாள் கேமராவை லேசில் உள்ளே விடுவதில்லை. தெருவுக்கு யாரும் கதவு போடவில்லை. அதனால் இப்படியான எந்தப் பணியும் தெருவோரத்துக்கும் சிறு பட்டறைக்கும் ஒதுங்கத்தான் செய்யும். பெங்களூரை உதாரணமாக எடுத்துக்கொண்டால், அந்த நகரத்தை நகரமாக வைத்திருக்கும் இரண்டு பெருந்தொழில்கள், பெண்கள் பெரும்பான்மையாக இருக்கும் ஆயத்த ஆடை ஆலைகளும் மென்பொருள் நிறுவனங்களும், அடையாள அட்டை தேய்க்காமல் நுழைய முடியாத இடங்கள். ஏமானும் ஃபரோக்கியும் இதை அறியாதவர்கள் அல்ல. ஒவ்வொரு நகரத்திலும் லூமியேரின் காட்சியை மறுபடி எடுக்கச் சொன்னார்கள்: வேலையிடத்தை விட்டு வெளியேறும் மனிதர்கள், பதினைந்து நகரத்து வாசல்களில். உள்ளே விடாவிட்டால் வாசலிலாவது நிற்கலாம். நூற்றிருபது ஆண்டுகளில் கேமரா எவ்வளவு தூரம் உள்ளே போயிருக்கிறது என்று கேட்டால், அதிகமில்லை.

சுமார் நானூறு படங்கள் சேர்ந்தன. அவற்றை அடுக்கிய முறையில் எனக்கு முதலில் எரிச்சல் வந்தது. நகரவாரியாகப் பார்க்கலாம், தொழில்வாரியாகப் பார்க்கலாம், நிறவாரியாகவும் பார்க்கலாம். நீலத்தைத் தேர்ந்தால் எங்கெங்கோ எடுக்கப்பட்ட நீலப் படங்கள் அடுத்தடுத்து வரும். உழைப்பை நிறத்தால் பிரிப்பதா, இதென்ன ஜவுளிக்கடையா என்று தோன்றியது. யோசித்தால் அதில் ஒரு சாமர்த்தியம் இருக்கிறது. நாட்டுவாரியாகப் பார்க்கும்போது நாம் ஏற்கெனவே தெரிந்ததைத்தான் பார்க்கிறோம்: இது ஏழை நாடு, அதனால் கையால் செய்கிறார்கள்; அது பணக்கார நாடு, அதனால் இயந்திரம். நிறம் இந்த விளக்கத்தைப் பிடுங்கிக்கொள்கிறது. காரணமே இல்லாமல் இரண்டு ஊர்க் கைகள் பக்கத்தில் பக்கத்தில் வரும்போது, நாம் கையை மட்டும் பார்க்க நேர்கிறது.

ஃபரோக்கிக்கு இந்த ஒப்பிடும் பழக்கம் முன்பே உண்டு. 2009இல் வந்த அவருடைய படம் முழுக்கச் செங்கல்தான். புர்கினா ஃபாஸோவின் காந்தோ கிராமத்தில் ஊரே கூடிச் செங்கல் செய்து கட்டடம் எழுப்புகிறது; இந்தியச் சூளையில் தலைச்சுமையாகப் போகிறது; ஐரோப்பிய ஆலையில் மனிதரைத் தேட வேண்டியிருக்கிறது; சுவிட்சர்லாந்தில் ஒரு ரோபோ கணினி சொன்ன கோணத்தில் கல்லை வைக்கிறது. பின்னணிக் குரல் கிடையாது. எது முன்னேற்றம் என்று யாரும் நமக்குச் சொல்வதில்லை. ரோபோவின் லாவகத்தை வியந்துகொண்டிருக்கும்போதே, காந்தோவின் கூச்சலும் சிரிப்பும் எங்கே போயின என்று தேடத் தொடங்கிவிடுகிறோம்.

2014 ஜூலையில் ஃபரோக்கி காலமானார். ஏமான் வேறு நகரங்களில் பணியைத் தொடர்ந்தார்.

இந்தக் கூட்டுப் பணிகளைப் பற்றிப் பேசும்போது கலைஞரைப் பார்வையாளர் இடத்திலும் தொழிலாளியைக் காட்சியின் இடத்திலும் வைத்துப் பேசுவது வழக்கமாகிவிட்டது. அது பாதி உண்மை. நிதிநல்கை கிடைக்கும்வரை காத்திருப்பது, கிடைத்தால் ராப்பகலாக வேலைசெய்வது, மூன்று மாத ஒப்பந்தம், அடுத்த ஊர், அடுத்த விண்ணப்பம், இடையில் வருமானமில்லாத பருவம், விடுமுறைக்கும் வேலைக்கும் கோடு கிழிக்க முடியாத நாள்: கலைஞரின் வாழ்க்கை நெடுங்காலமாகவே இப்படித்தான். இன்று உணவு கொண்டுபோகும் பையனுக்கும் பல்கலைக்கழகத்துக் கௌரவ விரிவுரையாளருக்கும் இதேதான் வாழ்க்கை. பிரெஞ்சு சமூகவியலாளர்களான லூக் போல்தான்ஸ்கியும் ஏவ் ஷியாப்பெல்லோவும் 1999இல் வெளியிட்ட பெரிய நூல் இதைத்தான் ஆராய்ந்தது. 1960களின் மேலாண்மைக் கையேடுகளையும் 1990களின் கையேடுகளையும் பக்கத்தில் வைத்து வாசித்தார்கள். 1968இன் கலகக்காரர்கள் ஆலை வாழ்க்கைக்கு எதிராகக் கேட்ட சுதந்திரம், படைப்பூக்கம், மேலதிகாரி இல்லாத வேலை எல்லாவற்றையும் நிர்வாகம் அப்படியே வாங்கிக்கொண்டது. பதிலுக்கு நிரந்தர வேலையை எடுத்துக்கொண்டது என்பது அவர்கள் வாதம். கலைஞர் மாதிரி வாழ வேண்டும் என்று யாரோ ஆசைப்பட்டார்கள்; எல்லாருக்கும் வாய்த்துவிட்டது, வருமானம் உட்பட. அதனால் மாறிவரும் வேலை வாழ்க்கையைப் பார்க்க ஒரு கலைஞர் தேசம் தாண்டிப் போகிறார் என்றால், வெளியிலிருந்து வேடிக்கை பார்க்கப் போகிறார் என்று மட்டும் சொல்லிவிட முடியாது.

ஆனாலும் நேரம் யாருடையது என்ற கேள்வி மிஞ்சுகிறது. ஏமான், ஃபரோக்கியின் பட்டறைகளில் பார்ப்பவர் தன் இரண்டு நிமிடத்தைத் தொழிலாளிக்குக் கொடுக்கிறார். தொழிலாளியின் நேரத்தைக் கலைஞர் விலைக்கு வாங்கினால்? அதையும் ஒருவர் செய்து பார்த்தார்.

அமெரிக்கக் கலைஞர் ஏரன் கோப்ளின், மாணவராக இருந்தபோது 2006இல் செய்தது அது. அமேசான் நிறுவனம் அதற்கு முந்தைய ஆண்டு மெக்கானிக்கல் டர்க் என்ற வேலைச் சந்தையைத் தொடங்கியிருந்தது. கணினிக்குச் செய்யத் தெரியாத துண்டு வேலைகளை, முகம் தெரியாத மனிதர்களிடம் காசுக்கணக்கில் கொடுத்து வாங்கும் இடம். பதினெட்டாம் நூற்றாண்டில் உள்ளே ஆளை ஒளித்துவைத்துச் சதுரங்கம் ஆடிய போலி இயந்திரத்தின் பெயரையே வைத்துக்கொண்டது. இவ்வளவு வெளிப்படையான முதலாளித்துவத்தை மார்க்ஸ்கூட எதிர்பார்த்திருக்க மாட்டார். பிற்பாடு அந்தச் சந்தையில் அமெரிக்கர்களுக்கு அடுத்தபடியாக நிறைந்தவர்கள் இந்தியர்கள். கோப்ளின் அங்கே போட்ட வேலை: இடப்பக்கம் பார்க்கும் ஆடு ஒன்று வரையவும், கூலி இரண்டு சென்ட். பத்தாயிரம் செம்மறியாடுகள் வந்து சேர்ந்தன. சராசரியாக ஒரு ஆட்டுக்கு 105 வினாடி. மணிக்கூலி 69 சென்ட். பத்தாயிரம் ஆட்டுக்கும் சேர்த்து 200 டாலர். பிறகு இருபது ஆடு கொண்ட அஞ்சல்தலைத் தாள்களை இருபது டாலருக்கு விற்பனைக்கு வைத்தார். வரைந்தவர்களில் சிலர் கொதித்துப்போனார்கள். ஆட்டை விற்க எங்களிடம் கேட்டாயா?

கோப்ளினைத் திட்டுவது சுலபம். ஆனால் ஆடுகளைப் பார்த்தால் வேறொன்று தெரிகிறது. இரண்டு சென்டுக்கு நான்கு கால் வைத்த உருண்டை ஒன்று போதும். பலர் அதைத்தான் வரைந்திருக்கிறார்கள். சிலர் சுருள்சுருளாக ரோமம் போட்டிருக்கிறார்கள். கூலிக்கு மேலே செய்யப்பட்ட அந்த ரோமத்துக்கு எந்தக் கணக்கிலும் பத்தி கிடையாது. ஒவ்வொரு ஆடும் கோடுகோடாக வரையப்பட்டு வருவதைத் திரையில் பார்க்கலாம். வரைந்த கை தெரியாது. கை தயங்கிய இடம் தெரியும்.

அந்தத் துண்டு வேலைகள்தான் இன்று பெருந்தொழிலாகி நிற்கின்றன. நைரோபியிலும் மணிலாவிலும் தமிழ்நாட்டுச் சிறு நகரங்களிலும், எங்கோ ஓடப்போகும் தானியங்கி காருக்காக, சாலைப் படங்களில் மனிதரையும் மரத்தையும் மாட்டையும் சுற்றிக் கட்டம் போட்டுக்கொண்டிருக்கிறார்கள். அதை ஒரே ஷாட்டில் எடுத்தால் சுட்டியைப் பிடித்த ஒரு கை கிடைக்கும். மென்பொருள் எழுதுபவருடையதும் கடன் வசூலிப்பவருடையதும் அதே கைதான். ஏவுகணையின் கண்ணிலும் ஆலை ரோபோவின் கண்ணிலும் ஓடும் படங்களைப் பற்றி, மனிதர் பார்ப்பதற்காக அல்லாமல் இயந்திரம் இயங்குவதற்காகவே உண்டாகும் படங்களைப் பற்றி, 2000 முதலே ஃபரோக்கி தொடர்ந்து வேலைசெய்திருக்கிறார். அந்தப் படங்களுக்குக் கண் திறந்துவிடும் வேலையில் இத்தனை கைகள் உட்காரும் என்பதுவரை பார்க்க அவர் இல்லை.

நேரமும் கேமராவும் தொழிலாளியிடமே இருந்தால் என்ன ஆகும் என்பதற்கு மும்பையின் கேம்ப் குழு ஒரு வழி காட்டியது. இந்தக் கட்டுரையில் நான் மிகவும் நேசிக்கும் படம் இதுதான் என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். அந்தக் குழுவின் ஷைனா ஆனந்தும் அசோக் சுகுமாரனும் 2009இல் ஷார்ஜா பினாலேவுக்காக அங்குள்ள படகுத்துறைக்குப் போனார்கள். கட்ச் வளைகுடாவிலிருந்து வந்த பெரிய மரக்கலங்கள் அங்கே வரிசையாக நிற்கும். மாண்ட்வியிலும் சலாயாவிலும் கட்டப்பட்டவை. மாலுமிகள் குஜராத்தின் கடலோரத்தார், கூடவே சிந்து, பலுசிஸ்தான், தென் ஈரான்காரர்கள். சோமாலியாவுக்குச் சரக்கு ஏற்றிப் போவார்கள். பெரிய கப்பலும் காப்பீட்டு நிறுவனமும் அஞ்சி ஒதுங்கும் துறைமுகங்களுக்கு இந்த மரக்கலங்கள் போகும். திரும்பும்போது ஆடும் கரியும் ஏற்றி வரும். மாலத்தீவுக்குக் காய்கறியும் கட்டுமானப் பொருளும் கொண்டுபோகும் தூத்துக்குடித் தோணியை அறிந்தவர்களுக்கு இந்த உலகம் புதிதல்ல. கண்டெய்னர் கப்பல் வந்ததும் ஒழிந்துபோயிருக்க வேண்டியது என்று எல்லாரும் நினைக்கும் தொழில், கண்டெய்னர் போக மறுக்கும் இடங்களால் வாழ்கிறது.

துறையில் என்னென்ன சரக்கு ஏறி இறங்குகிறது என்று பட்டியலிட்டுக்கொண்டிருந்த கலைஞர்கள், மாலுமிகளிடம் ஏற்கெனவே படங்கள் இருப்பதைக் கவனித்தார்கள். கைபேசியில் எடுத்தவை. நடுக்கடலில் எதிர்ப்படும் இன்னொரு கலம், பிடித்த மீன், சமைக்கும் சோறு, தொழுகை, சரக்கோடு சரக்காகத் தூங்குபவன், புயலில் சாயும் கலம், தீப்பிடித்து எரியும் கப்பல். அவற்றுக்கு அவர்களே பாட்டு சேர்த்து ஒருவர் கைபேசியிலிருந்து இன்னொருவர் கைபேசிக்கு அனுப்பிக்கொண்டிருந்தார்கள். இந்தப் படங்களைச் சேகரித்து, மாலுமிகளோடு பேசி, தாங்களும் எடுத்தவற்றைச் சேர்த்து, 2013இல் கேம்ப் ஒரு முழுநீளப் படமாக்கியது. ஒரு பருவம் போய் மறு பருவம் வரும்வரை நீளும் கடற்பயணம்போல அது தொகுக்கப்பட்டிருக்கிறது. தரம் கேட்காதீர்கள், சில காட்சிகளில் கடல் கட்டம் கட்டமாக உடைந்து கிடக்கும். பாட்டு மட்டும் முழுசாக இருக்கும்.

அந்தப் பாட்டு எனக்கு முக்கியமாகப் படுகிறது. நம் ஊரில் கவலையும் ஏற்றமும் இருந்த காலத்தில் ஏற்றப்பாட்டு வெறும் களைப்பாற்றும் பாட்டாக இருக்கவில்லை; இறைத்த சாலின் எண்ணிக்கையைப் பாட்டே வைத்துக்கொண்டிருந்தது. வேலையின் நீளத்தைச் செய்பவனே தன் குரலால் அளந்தான். கைபேசிக் காட்சிக்கு மாலுமி ஒரு காதல் பாட்டைப் போடும்போது அதே மாதிரி ஒன்று நடக்கிறது. எவ்வளவு நேரம் ஓட வேண்டும் என்பதைக் கலைஞரின் விதி தீர்மானிக்கவில்லை, முதலாளியின் படச்சுருளும் தீர்மானிக்கவில்லை. பாட்டு எவ்வளவோ அவ்வளவு. தவிர, ஏமான், ஃபரோக்கியின் விதிக்குள் அகப்படாத ஒன்றும் இங்கே வந்துவிடுகிறது: வேலை இல்லாத நேரம். காற்றுக்காகவோ அனுமதிச் சீட்டுக்காகவோ காத்துக் கிடக்கும் நாட்கள்தான் கடலோடியின் வாழ்க்கையில் பாதி. வெளியாள் வந்து படம் எடுத்தால் கயிறு இழுப்பதைத்தான் எடுப்பான். தூங்குகிறவனைக் கூட்டாளிதான் எடுக்க முடியும், அதுவும் கேலி செய்வதற்காக.

இதைச் சொல்லிவிட்டு, கேமராவைத் தொழிலாளியிடம் கொடுத்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். இன்று எல்லார் கையிலும் கேமரா இருக்கிறது. கொத்தனாரும் லாரி ஓட்டுநரும் தங்கள் வேலையைத் தினம் படமாக்கிப் போடுகிறார்கள். அதில் வரும் வருமானத்தின் பெரும்பங்கு யாருக்குப் போகிறதென்பது தெரிந்ததே. கேம்ப் செய்தது கொடுப்பது அல்ல, கேட்பது. உங்களிடம் இருப்பதைக் காட்டுவீர்களா என்று கேட்டார்கள். அதற்கு நான்கு ஆண்டு துறைமுகத்தில் போய் உட்கார வேண்டியிருந்தது.

அதே கடற்கரையில் இன்னொரு கூட்டுப் பணி நடந்தது, அதில் படைப்பு என்பது படைக்க மறுப்பது. அபுதாபியின் சாதியத் தீவில் லூவ்ர், குகன்ஹைம் அருங்காட்சியகங்களை எழுப்பத் திட்டமிட்டார்கள். குகன்ஹைமுக்கு வடிவமைப்பு ஃபிராங்க் கெரி. கட்டுவது பெரும்பாலும் தெற்காசியத் தொழிலாளர். 2011 மார்ச்சில், பல நாடுகளைச் சேர்ந்த 130க்கும் மேற்பட்ட கலைஞர்களும் எழுத்தாளர்களும் கண்காட்சிப் பொறுப்பாளர்களும் கையெழுத்திட்டு, தொழிலாளர் நிலைமை சரியாகும்வரை குகன்ஹைம் அருங்காட்சியகத்தோடு ஒத்துழைக்க மாட்டோம் என்று அறிவித்தார்கள். கல்ஃப் லேபர் என்பது அந்தக் கூட்டணியின் பெயர். லெபனானில் பிறந்த வாலித் ராத் அதில் இருந்தார். கேம்ப் குழுவின் ஷைனா ஆனந்தும் அசோக் சுகுமாரனும் இருந்தார்கள். ஏஜென்டுக்குக் கட்டிய பணத்தைத் திருப்பிக் கொடுங்கள், வாழத் தகுந்த கூலி கொடுங்கள், கூடிப் பேசும் உரிமை கொடுங்கள் என்ற மூன்றும்தான் காலப்போக்கில் அவர்களுடைய மையக் கோரிக்கைகள் ஆயின. 2013 அக்டோபரிலிருந்து ஒரு வருடத்துக்கு வாரம் ஒரு படைப்பாக வெளியிட்டார்கள். ஓவியம், சுவரொட்டி, கணக்கு அட்டவணை, கடிதம்.

2015 மே மாதத்தில் வெனிஸ் பினாலே தொடங்கியது. ஓக்வி என்வேசோர் பொறுப்பேற்று நடத்திய அந்தக் கண்காட்சியில் மார்க்சின் மூலதனத்தை உரக்க வாசித்தார்கள். ஏமான், ஃபரோக்கி திரட்டிய படங்கள் இருந்தன. கல்ஃப் லேபருக்கும் அழைப்பு இருந்தது. அதே மே மாதத்தில் வாலித் ராத்தைத் துபாய் விமான நிலையத்தில் தடுத்துத் திருப்பி அனுப்பினார்கள். அசோக் சுகுமாரனுக்கு அமீரக விசா மறுக்கப்பட்டது. பாதுகாப்புக் காரணம் என்றார்கள். ஷார்ஜாத் துறையில் மாலுமிகளோடு உட்கார்ந்து படம் சேர்த்தவருக்கு அந்த நாட்டுக்குள் நுழைய அனுமதியில்லை.

இதைத் தியாகமாக எழுதினால் அவர்களே சிரிப்பார்கள். 2013 மே மாதத்தில் அமீரகத்தில் சம்பளத்துக்காக வேலையை நிறுத்திய கட்டுமானத் தொழிலாளர்களை நூற்றுக்கணக்கில் ஊருக்கு அனுப்பினார்கள். கலைஞர் வேலையை நிறுத்தினால் நியூயார்க் பத்திரிகையில் செய்தி வரும், வெனிஸில் கூடம் கிடைக்கும், மோசமான நிலையில் ஒரு விமானத்தைத் தவறவிடுவார். இருவரும் செய்தது வேலைநிறுத்தம்தான். அதைக் கூட்டுச் செயல்பாடு என்று அழைப்பதில் எனக்குத் தயக்கம் இருக்கிறது. அதற்காக அது வீண் என்று சொல்லவும் மாட்டேன். கூலிக்காரர் கேட்டால் விலங்கு விழும் ஒன்றை, விலங்கு விழாத ஒருவர் கேட்டுப் பார்த்தார்.

மூன்று கோரிக்கைகளில் முதலாவதைத்தான் நான் திரும்பத் திரும்ப யோசிக்கிறேன். ராமநாதபுரத்திலிருந்தோ புதுக்கோட்டையிலிருந்தோ வட்டிக்குக் கடன் வாங்கி ஏஜென்டிடம் கொடுத்து வளைகுடாவுக்குப் போனவர், அந்தக் கடன் அடையும்வரை தனக்காக ஒரு நாளும் உழைப்பதில்லை. சாரத்தில் ஏறி நின்று அவர் கம்பி கட்டுவதை இரண்டு நிமிடம் வெட்டாமல் எடுத்தால் கை தெரியும், கயிறு தெரியும், வெயில் தெரியும், கடன் தெரியாது. கடனுக்குக் கம்பி கட்டுபவரும் காசுக்குக் கம்பி கட்டுபவரும் ஒரே மாதிரிதான் கட்டுவார்கள். அதனால்தான் கல்ஃப் லேபர்காரர்கள் படம் எடுப்பதோடு நிற்காமல், ஏஜென்டுக்கு எவ்வளவு, வட்டி எவ்வளவு, எத்தனை மாதச் சம்பளம் என்று விசாரித்துக்கொண்டு தொழிலாளர் புறப்பட்ட ஊர்களுக்கும் போனார்கள். 2016 ஏப்ரலில் குகன்ஹைம் அறக்கட்டளை அவர்களோடு நடத்திவந்த பேச்சுவார்த்தையை முறித்துக்கொண்டது. அந்தக் கடனைத் தீர்க்க வேண்டிய பொறுப்பு யாருடையது என்பதிலும் பேச்சு முட்டிக்கொண்டு நின்றது.